பழைய ஹை வோல்டேஜ் கண்டென்சர்: அறிகுறியை வைத்து ஆளைப் பிடிப்பதும், வோல்ட்டை முடிவு செய்வதும்

குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைக் காலி செய்தால் இன்னும் வால்வு ரேடியோக்கள் இறங்குகின்றன. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், நேஷனல் எக்கோ. சில இடத்தில் திருவிழாவுக்கு ஓடிய மைக் செட் ஆம்ப்ளிஃபயரும் கூடவே வரும். இவற்றைக் கையில் எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் கண்டென்சர் எவ்வளவு, இதற்குப் பதில் என்ன போடலாம்?" என்பதுதான்.

எத்தனை மைக்ரோஃபாரட் என்பது சுலபமான பாதி. எத்தனை வோல்ட் தாங்கும், எவ்வளவு லீக் ஆகிறது (அடைத்து நிறுத்த வேண்டிய டிசி எவ்வளவு கசிகிறது) என்பதில்தான் செட்டின் உயிர் இருக்கிறது. மேலே 350 வோல்ட் என்று அச்சடித்திருந்தால், அது புதிதாக வந்த நாளில் தாங்கிய அளவு. இன்றைக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அந்த இடத்துக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைச் சர்க்யூட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள எல்லா அறிகுறிகளும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டு கேள்விகளுக்கே வரும்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஹெச்டி லைனில் (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் டிசி) சார்ஜ் நிற்கும். 47 மைக்ரோஃபாரட்டில் 350 வோல்ட் என்றால் ஏறக்குறைய 3 ஜூல். ஒரு கையில் புகுந்து மறு கையில் வெளியேறினால் ஆளைக் கொல்லக் கூடிய அளவு அது.

10 கிலோஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை முதலை கிளிப்பால் சேசிஸில் (செட்டின் உலோக அடித்தட்டில்) பிடியுங்கள். மறுமுனையை நன்றாக இன்சுலேஷன் உள்ள புரோப்பால் கண்டென்சரின் பாசிட்டிவ் மேல் வைத்துப் பத்து எண்ணுங்கள். அப்புறம் மீட்டரில் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். தீப்பொறி பறப்பதோடு கண்டென்சரின் உள் இணைப்பும் அடிபடும். பெரிய பேப்பர், ஆயில் கண்டென்சர்களில் இன்னொரு குணம் உண்டு: டிஸ்சார்ஜ் செய்து விட்ட பிறகும் சில நிமிடத்தில் வோல்ட் மெல்லத் திரும்பி ஏறும். வேலை முடியும்வரை கிளிப்பை எடுக்காதீர்கள். அலமாரியில் வைக்கும்போதும் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டியே வையுங்கள்.

வால்வுகளின் பெயர் 'யு' எழுத்தில் தொடங்கினால், அதாவது யுசிஹெச் 81, யுஒய் 85 மாதிரி இருந்தால், அது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். மெயினின் ஒரு ஒயர் நேராகச் சேசிஸில் இருக்கும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயினோடு நேர்த் தொடர்பு இல்லாமல் பிரித்துவிடுவது) இல்லாமல் அதைத் திறந்து ஓட்டக் கூடாது. சீரிஸ் லாம்ப்பும் (செட்டோடு சீரிஸில் மாட்டும் பல்பு) வேரியாக்கும் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) அந்த வேலையைச் செய்யாது. சீரிஸ் லாம்ப் கரண்டைக் குறைக்கும், அவ்வளவுதான்.

மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சரையும் சிலர் பொழுதுபோக்கு வேலைக்குக் கழற்றுகிறார்கள். 2000 வோல்ட்டுக்கு மேல், பின்னால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: எழுத்து புரியவில்லை, அல்லது அழிந்துவிட்டது

முதலில் உடம்பைப் பாருங்கள். பழுப்புக் காகித உருளை, மேலே மெழுகு. சேசிஸைத் திருப்பினால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து, அதில் தூசு ஒட்டி, ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும். லீடை லேசாக அசைத்தால் ஆடும். அது மெழுகு பேப்பர் கண்டென்சர். பழைய பிலிப்ஸ் செட்டுகளில் மெழுகுக்குப் பதில் கறுப்புத் தார் இருக்கும். இரண்டையும் சோதிக்கக்கூடத் தேவையில்லை, மாற்றுவதற்கென்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் உள்ள கறுப்புக் கோடு வெளிச்சுற்று ஃபாயில் எந்தப் பக்கம் என்று காட்டுகிறது, அது பாசிட்டிவ்-நெகட்டிவ் குறி இல்லை. அந்த முனை சேசிஸ் பக்கமோ குறைந்த இம்பீடன்ஸ் பக்கமோ போனால் ஹம் குறையும்.

கடுகு மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும் முல்லார்ட், பிலிப்ஸ் பாலியெஸ்டர் வகை பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டு விட்டுவைக்கலாம். தபால் தலை அளவில் சப்பையாக, பழுப்பு பேக்கலைட்டில் இருப்பது மைக்கா. அதுவும் நம்பத் தகுந்த ஜாதி.

அடுத்து எழுத்து. எம்.எஃப்.டி. என்றாலும் வெறும் எம்.எஃப். என்றாலும் பழைய பாகத்தில் மைக்ரோஃபாரட்தான். எம் இரண்டு முறை வந்தால், அல்லது மைக்ரோ குறி இரண்டு முறை வந்தால், பிகோஃபாரட். பழைய ஜெர்மன் பாகங்களில் சென்டிமீட்டர் என்ற அலகு வரும். 1 சென்டிமீட்டர் 1.11 பிகோஃபாரட்.

வோல்ட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். டபிள்யூ.கே.ஜி., டபிள்யூ.வி., வி.டி.சி.டபிள்யூ. இவை மூன்றுமே தொடர்ந்து ஓடக்கூடிய வோல்ட். 'டெஸ்ட்' என்று இருந்தால், தொழிற்சாலையில் சில நொடி கொடுத்துப் பார்த்த வோல்ட். 'சர்ஜ்' என்று இருந்தால், ஆன் செய்யும்போது மட்டும் கொஞ்ச நேரம் தாங்குவது. 500/1500 என்று கோடு போட்டு இரண்டு எண் இருந்தால், முதலாவது வேலை வோல்ட், இரண்டாவது டெஸ்ட் வோல்ட். 1500-ஐப் பார்த்து ஆசைப்பட்டு 800 வோல்ட் லைனில் போட்டால் அன்றைக்கே போய்விடும். சில ஆங்கிலேயப் பாகங்களில் வெப்பமும் கூட இருக்கும்: இந்த டிகிரியில் இத்தனை வோல்ட், அதற்கு மேல் சூடானால் இத்தனை என்று. வேலூர் வெயிலில் அறையே 40 டிகிரி தொடும் மாதங்களில், சேசிஸின் அடியில் 60 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். எப்போதும் சூடான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்குப் பதில் நிறக்கோடு இருந்தால்: வார்ப்புப் பேப்பர் உருளையில் முதல் இரண்டு கோடு எண்கள், மூன்றாவது பெருக்கல், நாலாவது டாலரன்ஸ் (எழுதிய அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது), ஐந்தாவது வோல்ட், நூறு நூறாக. மஞ்சள், வயலட், ஆரஞ்சு என்றால் 47,000 பிகோஃபாரட், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். ஐந்தாவது கோடு நீலம் என்றால் 600 வோல்ட். வோல்ட்டுக்கு இரண்டு கோடு இருந்தால் 1000-க்கு மேல். ஆனால் உடம்பெல்லாம் வண்ணப்பட்டை போட்டுச் சப்பையாக வரும் பிலிப்ஸ் பாலியெஸ்டரில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் கடைசிக் கோடு சிவப்பு என்றால் 250 வோல்ட், மஞ்சள் என்றால் 400.

ஆறு புள்ளி மைக்காவை அம்புக்குறி வலப்பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். மேல் வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்: வகை, முதல் எண், இரண்டாம் எண். கீழ் வரிசையை வலமிருந்து இடமாக: பெருக்கல், டாலரன்ஸ், குணம். முதல் புள்ளி வெள்ளையோ கறுப்போ என்றால் மைக்கா. வெள்ளி நிறம் என்றால் அது மைக்கா உடையில் இருக்கும் பேப்பர், அதை நம்ப வேண்டாம்.

செராமிக் டிஸ்க்கில் 103 என்றால் 10,000 பிகோஃபாரட். கூடவே வரும் எண்ணும் எழுத்தும் வோல்ட்: 2ஏ 100, 2இ 250, 2ஜி 400, 2ஜே 630, 3ஏ 1000, 3டி 2000. ஒன்றுமே இல்லாமல் டப்பாவில் கிடந்த டிஸ்க்கை 50 வோல்ட் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே அழிந்துவிட்டதா? அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யலாம். அதற்குக் கீழே ரேட்டிங் பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம், வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை

பில்டர் எலக்ட்ரோலிடிக் (ஹெச்டியைச் சீராக்கும், உள்ளே ரசாயனம் உள்ள கண்டென்சர்) காய்ந்துவிட்டது. அலுமினிய டப்பாவின் அடியைப் பாருங்கள். ரப்பர் உப்பியிருக்கிறதா, வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா? ஒரே டப்பாவில் இரண்டு மூன்று கண்டென்சர் இருக்கும். அடித்தட்டில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று வெட்டியிருப்பது எந்த டேக் எது என்பதற்கு. டப்பாவே பெரும்பாலும் பொது நெகட்டிவ்.

சோதனை எளிது. செட்டை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, நல்ல 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ஒன்றைப் பேரலலாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். ஹம் போனால் கேஸ் முடிந்தது. ஆனால் பழையதை அப்படியே விட்டுவிட்டு மேலே புதியதைப் பேரலலாக விட்டுவைக்கக் கூடாது. காய்ந்தது நாளைக்கு ஷார்ட் ஆகும், புதியதையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதன் டேக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். டப்பா அழகுக்கு மேலே நிற்கட்டும்.

மாற்றும்போது 8-க்கு 10, 16-க்கு 15 அல்லது 22, 32-க்கு 33, 50-க்கு 47. பெரிதாகப் போட்டால் ஹம் இன்னும் குறையுமே என்று 220 போடாதீர்கள். ஏசி-யை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வுக்கு நேர் அடுத்து வரும் கண்டென்சருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இஇசட் 80-க்கு 50 மைக்ரோஃபாரட், ஜிஇசட் 34-க்கு 60. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சைக்கிளிலும் வால்வின் கேத்தோடு வழியாகப் பாயும் கரண்ட் அளவு மீறி, வால்வுக்குள்ளேயே தீப்பொறி பறக்கும்.

'டப் டப் டப்' என்று மோட்டார் படகு மாதிரி சத்தம் வந்தாலும் இதே குடும்பம்தான், ஆனால் முன் நிலைகளுக்குப் போகும் ஹெச்டியைத் தனித்துப் பிரிக்கும் டிகப்ளிங் கண்டென்சரைப் பாருங்கள்.

அறிகுறி: முதலில் நன்றாகப் பாடி, அரை மணியில் குரல் கரகரக்கிறது, அவுட்புட் வால்வு அதிகமாகச் சூடாகிறது

வால்வு செட்டில் ஒரே ஒரு கண்டென்சரை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன்: முன் வால்வின் ஆனோடிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் புகும் முனை) போகும் கப்ளிங் கண்டென்சர். 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட், சின்ன உருப்படி. அதன் ஒரு பக்கம் 150 வோல்ட், மறுபக்கம் பூஜ்யம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 470 கிலோஓம். கண்டென்சரின் லீக்கேஜ் 20 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். 150 வோல்ட்டில் சுமார் மூன்றரை வோல்ட் பாசிட்டிவ் கிரிட்டுக்கு வந்துவிடும். இஎல் 84 என்ற அவுட்புட் வால்வுக்கு மொத்த பயாஸே (கிரிட்டை நெகட்டிவாக வைக்கும் வோல்ட்) ஏழு வோல்ட்டுதான். பாதி போய்விட்டது. வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது, ஆனோடு தகடு சிவக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி எரிகிறது. ஐந்து ரூபாய்க் கண்டென்சருக்காக, எங்கும் எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மர் போகிறது.

சோதனை: செட்டை அரை மணி ஓடவிடுங்கள். பேப்பர் கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், சூடேறியதும் லீக் பல மடங்காகும். இப்போது மீட்டரை டிசி-யில் வைத்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பூஜ்யம், அல்லது சில வகை செட்டுகளில் நெகட்டிவ் வர வேண்டும். பாசிட்டிவ் வந்தால் குற்றவாளி இரண்டு பேரில் ஒருவர். அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, கண்டென்சரின் கிரிட் பக்க லீடைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாசிட்டிவ் மறைந்தால் கண்டென்சர். அப்படியே இருந்தால் வால்வுக்குள் வாயு கசிந்திருக்கிறது, வால்வை மாற்றுங்கள்.

கழற்றிய அந்த லீடிலேயே இன்னொரு அளவும் எடுக்கலாம். மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம். மறுபக்கம் 150 வோல்ட் இருக்க, இந்த லீடுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டர் 15 வோல்ட் காட்டினால் கண்டென்சரின் லீக்கேஜ் ரெசிஸ்டன்ஸ் 90 மெகாஓம். 50 வோல்ட் காட்டினால் 20 மெகாஓம். நல்ல பிலிம் கண்டென்சரில் முதலில் ஒரு தரம் எகிறி, பிறகு அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். தனியாக எந்தக் கருவியும் வாங்காமல், ஓடும் வோல்ட்டிலேயே, ஓடும் சூட்டிலேயே லீக்கை அளக்கும் வழி இது. ஏ.வி.சி. லைனில் (ஸ்டேஷன்களின் சத்தத்தைத் தானாகச் சமன் செய்வது) உள்ள கண்டென்சருக்கும் இதே அக்கறை வேண்டும். அங்கே வோல்ட் சிறியது என்றாலும் ரெசிஸ்டன்ஸ் மிகப் பெரியது, கொஞ்சம் லீக் ஆனாலே ஸ்டேஷன்கள் மங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கோளாறு, தை பிறந்ததும் சரி என்று ஒரு செட் வந்தால் இதே நோய்தான். காகிதம் ஈரம் குடித்திருக்கிறது. வெயிலில் வைத்து உலர்த்துவது அடுத்த மழைவரைக்கும்தான் தாங்கும்.

அறிகுறி: மீட்டரில் 'நல்லது' என்கிறது, செட்டில் போட்டால் கெட்டுப்போகிறது

மல்டிமீட்டரின் கண்டென்சர் ரேஞ்ச் சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 300 வோல்ட்டில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. இன்னொரு ஏமாற்றும் உண்டு: லீக் ஆகும் கண்டென்சரை விலை குறைந்த மீட்டர்கள் பெரிதாகக் காட்டும். 0.05 என்று எழுதியது 0.08 காட்டினால் "பரவாயில்லை, இன்னும் நன்றாக ஏறியிருக்கிறது" என்று சந்தோஷப்படாதீர்கள், அது லீக்கின் அடையாளம். ஓம் ரேஞ்சும் உதவாது. 20 மெகாஓமுக்கு மேல் பல மீட்டர்களில் ஓபன் என்றே வரும்.

இங்கே நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. கிணற்று மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடை எந்த ஊரிலும் உண்டு, அங்கே மெக்கர் (உயர் வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இருக்கும். 600 வோல்ட் பேப்பர், பிலிம் கண்டென்சரை 500 வோல்ட் மெக்கரில் பார்க்கலாம். 400 வோல்ட் என்றால் 250 வோல்ட் ரேஞ்ச். முள் முதலில் பூஜ்யத்துக்கு ஓடி, பிறகு மெல்ல ஏறி, கடைசியில் ஓரம் போய் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது நின்றுவிட்டால், அல்லது ஏறிய முள் துடித்துத் துடித்துக் கீழே விழுந்தால், அந்தக் கண்டென்சர் வேண்டாம். எலக்ட்ரோலிடிக்கை ஒருபோதும் மெக்கரில் போடக் கூடாது. முடித்ததும் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மெக்கர் ஏற்றிவிட்ட 500 வோல்ட் அதற்குள் அப்படியே இருக்கும்.

அறிகுறி: புதிதாகப் போட்டதும் சில நாளில் வெடித்தது, அல்லது உப்பியது

ரேட்டிங் தப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டர் காட்டும் வோல்ட்டைப் பார்த்து ரேட்டிங் போடுவதால்தான் இது வருகிறது.

250-0-250 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 250 வோல்ட் ஏசி) உள்ள ரேடியோவில், ஓடும்போது ஹெச்டி 260 வோல்ட் காட்டலாம். 350 வோல்ட் கண்டென்சர் போதும் என்று தோன்றும். ஆனால் ஆன் செய்த முதல் பதினைந்து இருபது நொடிகள் வால்வுகள் சூடாகவில்லை, யாரும் கரண்ட் இழுக்கவில்லை. அப்போது கண்டென்சரில் ஏறுவது உச்ச வோல்ட்: 250-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 354. ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார்கள் அணைந்து மெயின் 230-லிருந்து 250-க்கு ஏறிவிட்டால் 384. ஆக, 450 வோல்ட் போட வேண்டும்.

இஇசட் 80, இஇசட் 81 போன்ற ரெக்டிஃபயர்கள் தாங்களே மெல்லச் சூடாவதால் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கும். 5ஒய் 3 இரண்டு மூன்று நொடியில் தயாராகிவிடும். ஊரில் பல செட்டுகளில் ரெக்டிஃபயர் வால்வு போனதும் யாரோ இரண்டு பிஒய் 127 டயோடு போட்டு ஓட்டியிருப்பார்கள். அது கண் இமைக்கும் நேரத்தில் முழு உச்சத்தையும் கொடுக்கும். ஓடும்போதும் வால்வில் விழ வேண்டிய வோல்ட் விழாமல் ஹெச்டி கூடவே நிற்கும். அந்த செட்டில் டயோடுக்குப் பின்னால் ஒரு சீரிஸ் ரெசிஸ்டர் போட்டு ஹெச்டியை எழுதியிருக்கும் அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் கண்டென்சரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அவுட்புட் வால்வின் ஆனோடில் டோனுக்காக நிற்கும் 0.005 மாதிரிச் சின்னக் கண்டென்சர் இன்னும் கொடுமையான இடத்தில் இருக்கிறது. மீட்டர் 250 காட்டும். ஆனால் பாட்டு சத்தமாக வரும்போது டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் ஆனோடு கிட்டத்தட்ட ஹெச்டியின் இரண்டு மடங்கு வரை ஆடும். ஸ்பீக்கர் ஒயர் அறுந்த நிலையில் ஓடினால் அதையும் தாண்டும். இங்கே 1600 வோல்ட் பாலிபுரோப்பிலீன் போடுங்கள். படக்குழாய் டிவிகளின் லைன் அவுட்புட் பகுதியில் இந்த வகை உண்டு, பழைய போர்டு கிடைத்தால் வால்யூவைப் பார்த்துக் கழற்றிக்கொள்ளலாம்.

ரேடியோவில் மற்ற பேப்பர் கண்டென்சர்கள் எல்லாவற்றுக்கும் 630 வோல்ட் பிலிம் போட்டால் போதும். 0.05-க்கு 0.047, 0.02-க்கு 0.022. கேத்தோடு பைபாஸ் மட்டும் 25 வோல்ட் எலக்ட்ரோலிடிக், அதற்கு 50 வோல்ட் போடலாம்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் ஹெச்டி 450-ஐத் தாண்டும்போது ஒரே எலக்ட்ரோலிடிக் போதாது. 100 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் இரண்டை சீரிஸில் போட்டால் 50 மைக்ரோஃபாரட், 700 வோல்ட். ஆனால் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் லீக் குறைந்தவன் தலையில் அதிக வோல்ட் விழும். கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், அந்த வகைகள் பலவும் 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மேலே இருக்கும் கண்டென்சரின் டப்பா ஹெச்டியின் பாதியில் நிற்கும் என்பதை மறந்து அதைச் சேசிஸில் கிளாம்ப் போட்டுவிடாதீர்கள்.

வெப்பத்துக்கு 105 டிகிரி வகை எடுங்கள், 85 வேண்டாம். சூடு 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிடிக்கின் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும். ரெக்டிஃபயர், அவுட்புட் வால்வு இரண்டுக்கும் தள்ளி வையுங்கள். கடையில் வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பு பெரிது, எடை இல்லை என்றால் உள்ளே சின்னதை வைத்து மூடியிருக்கலாம். வேலூரில் கிடைக்காதது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு நாள் வேலை.

ஃபேன், மோட்டார் கண்டென்சர் போடலாமா என்று கேட்பார்கள். 440 வோல்ட் ஏசி எழுதிய ரன்னிங் கண்டென்சர் 622 வோல்ட் உச்சத்தைத் தினமும் பார்ப்பது. ஹெச்டி பில்டருக்கு நன்றாகவே உழைக்கும், 36 மைக்ரோஃபாரட் பம்ப்செட் வகையை மைக் செட்டில் தைரியமாகப் போடலாம். ஸ்டார்ட்டிங் கண்டென்சர் சில நொடி வேலைக்கு மட்டும் செய்தது, அது வேண்டாம்.

அறிகுறி: சேசிஸைத் தொட்டால் சுர்ரென்கிறது; ஏரியல் ஒயரிலும்

மெயினிலிருந்து சேசிஸுக்குப் போகும் 0.01 கண்டென்சரைப் பாருங்கள். லீக் ஆகியிருக்கலாம். ஆனால் அது முழு ஆரோக்கியமாக இருந்தாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.7 மில்லிஆம்பியர் விடும், எர்த் இல்லாத செட்டில் அது விரலில் தெரியும். 2200 பிகோஃபாரட் போட்டால் 0.16 ஆகிவிடும்.

இந்த இடத்தில் டிசி ரேட்டிங் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்கில்லை. 630 வோல்ட் டிசி பிலிம் கண்டென்சரை மெயினில் போட்டால் ஏசி-யிலும் ஸ்பைக்கிலும் அது மெல்லச் செத்து ஒருநாள் ஷார்ட் ஆகும். மெயினின் இரு ஒயருக்கு நடுவே எக்ஸ் 2, மெயினிலிருந்து சேசிஸுக்கு ஒய் 2 என்ற, மெயினுக்கென்றே செய்த பாதுகாப்பு வகைகளைப் போடுங்கள். எக்ஸ் 2 வகை 2.5 கிலோவோல்ட் ஸ்பைக்குக்கும், ஒய் 2 வகை 5 கிலோவோல்ட்டுக்கும் சோதிக்கப்பட்டவை. 'யு' வால்வு செட்டின் ஏரியல் சாக்கெட்டில் உள்ள கண்டென்சரும் ஒய் வகையாகவே இருக்க வேண்டும். மாடியில் கட்டிய ஏரியல் கம்பியைத் தொடுகிறவருக்கும் மெயினுக்கும் நடுவே அது ஒன்றுதான் இருக்கிறது.

அறிகுறி: சீரிஸ் லாம்ப் முழுப் பிரகாசமாகவே எரிகிறது

60 வாட் குண்டு பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காவிட்டால் ரெக்டிஃபயர் வால்வை எடுத்துவிட்டுப் பாருங்கள். இப்போது மங்கினால் ஹெச்டி பக்கம் ஷார்ட், முதல் பில்டர் கண்டென்சரில் தொடங்குங்கள். மங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது மெயின் கண்டென்சர்.

அறிகுறி: பட்பட்டென்று வெடிப்புச் சத்தம், வால்யூமும் ஏறி இறங்குகிறது

ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டிரான்ஸ்ஃபார்மருக்குள் உள்ள சில்வர் மைக்காவில் வெள்ளி நகர்ந்து பாலம் போட்டிருக்கலாம். பிரைமரியைக் கழற்றாமல், செகண்டரியின் டயோடு பக்கத்தில் பாசிட்டிவ் வோல்ட் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் உள் மைக்காவை நீக்கிவிட்டு, வெளியே அதே அளவு புதிய 500 வோல்ட் மைக்கா போட்டு டியூன் செய்ய வேண்டும்.

அறிகுறி: பல வருடம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக், பயன்படுத்தாதது, போடலாமா?

உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். நேராக 350 வோல்ட் கொடுத்தால் சூடாகி வெடிக்கும். 33 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு, ஐசோலேஷன் உள்ள டிசி சப்ளையில் 50 வோல்ட்டில் தொடங்குங்கள். ரெசிஸ்டருக்குக் குறுக்கே 33 வோல்ட் என்றால் லீக் 1 மில்லிஆம்பியர். அது நன்றாக இறங்கிய பிறகே அடுத்த 50 வோல்ட் ஏற்றுங்கள். அவசரப்பட வேண்டாம், ஒரு முழு நாள் ஆகலாம். டப்பா வெதுவெதுப்பானால் நிறுத்துங்கள்.

ஏற்றிக்கொண்டே போகும்போது ஒரு வோல்ட்டில் லீக் இறங்காமல் அடம் பிடிக்கும், அதற்கு மேல் ஏற்றினால் வேகமாக எகிறும். 350 என்று எழுதியது 300-ல் இப்படி நின்றால், அது இன்றைக்கு 300 வோல்ட் கண்டென்சர்கூட இல்லை. அதில் எண்பது சதவீதம், 240 வோல்ட்டுக்குக் கீழே உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். கெல்ட்ரான் போன்ற நல்ல கம்பெனிச் சரக்கானாலும் இந்தச் சோதனைக்கு விலக்கு இல்லை. எலக்ட்ரோலைட் காய்ந்துபோயிருந்தால் எத்தனை நாள் ஏற்றினாலும் மைக்ரோஃபாரட் திரும்பாது, ஆகவே முடிந்த பின் வால்யூவையும் இ.எஸ்.ஆர்.-ஐயும் (கண்டென்சரின் உள் ரெசிஸ்டன்ஸ்) அளந்து பாருங்கள்.

அறிகுறி: பீங்கான் முனை உள்ள இரும்பு டப்பா, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு

காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும், 2000 வோல்ட், 4000 வோல்ட் என்று எழுதியிருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். 1980-க்கு முன் செய்த ஆயில் கண்டென்சர் என்றால் உள்ளே பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற நச்சு எண்ணெய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலுக்குக் கேடு, தோல் வழியாகவும் ஏறும், மண்ணில் விழுந்தால் பல பத்தாண்டு போகாது. லேபிளில் அஸ்கரெல், அரோக்ளோர், பைரனால், குளோஃபென் என்று ஏதாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம். கசியாததை மெக்கரில் பார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, நான் அதற்குப் பரிந்துரை செய்ய மாட்டேன். அந்த வேலையை இன்றைய பாலிபுரோப்பிலீன் பாதி அளவில் செய்துவிடும். கசிந்திருந்தால் நைட்ரைல் கையுறை போட்டு எடுங்கள், இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். துளை போடவோ, எண்ணெயை வடிக்கவோ, எரிக்கவோ கூடாது. குப்பையில் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் என்ன பொருள் என்று சொல்லியே கொடுங்கள்.